ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய கிருமிகள்

மார்ச் 6, செவ்வாய்

வெயில் இப்போதே ஏறிவிட்டது. இன்று டூட்டிக்கு லீவு. பவித்ராவைத் தார்நாகாவில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவள் அம்மா கலா வரவில்லை. வந்தால் டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால் இவள் அழ ஆரம்பித்துவிடுவாள்.

மகளுக்கு ஹைடெக் சிட்டியில் வேலை கிடைத்த அன்று மெட்டுகுடாவில் எங்கள் சந்து முழுக்க லட்டு கொடுத்தவன் நான். கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் நீலப் பட்டை, அதில் கார்டு. இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. தினமும் காலையில் எம்.எம்.டி.எஸ். ரயிலுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வயிற்று வலி. பாத்ரூம். கதவுக்கு வெளியே நான், "வண்டி போயிடும், வண்டி போயிடும்." செகந்தராபாத் கண்ட்ரோல் ஆபீஸில் உட்கார்ந்து வண்டிகளை விடுகிறவனே நான்தான். அப்பன் விடும் வண்டியை மகளால் பிடிக்க முடியவில்லை என்றால் வெளியே சொல்ல முடியுமா.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தத்திலும் ஒன்றும் இல்லை. சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா, தெரியவில்லை. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே "ஸ்ட்ரெஸ்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்கு இவ்வளவு டெஸ்ட்.

சொன்னதில் எனக்குப் புரிந்தவரை: வயிறும் மூளையும் எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்கின்றனவாம். நம் ஸ்டேஷன் மாஸ்டரும் கண்ட்ரோலும் போனில் பேசுவது மாதிரி என்று வைத்துக்கொண்டேன். குடலில் நல்ல கிருமிகள் உண்டு. அவை சரியாக இருந்தால், பதற்றம் வரும்போது உடம்பு செய்யும் ஆர்ப்பாட்டம் சிலருக்குக் கொஞ்சம் குறையலாம் என்கிறார்கள். "குறையலாம். குறையும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். முயற்சி பண்ணிப் பார்ப்போம்." நேர்மையான டாக்டர்தான். ஆனால் மருந்து கொடுப்பவர் இவ்வளவு நேர்மையாக இருந்தால் நோயாளிக்கு எப்படி நம்பிக்கை வரும்?

எழுதிக் கொடுத்தது:
ப்ரோபயாடிக் காப்ஸ்யூல், தினம் காலையில் ஒன்று.
காரம் குறைக்க.
நன்றாகத் தூங்க.
வேலையைப் பற்றி வீட்டில் கேள்வி கேட்காமல் இருக்க. இதை எழுதவில்லை, வாயால் சொன்னார். என்னைப் பார்த்து. ஏன் என்னைப் பார்த்து?

வீட்டில் கலா பாட்டிலை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். "உள்ள என்னா?"

"கிருமி. உயிரோட இருக்கும்."

"பால்ல ஒரு எறும்பு விழுந்தா தூக்கிக் கொட்டற வீடு இது. இதுல போயி கிருமிய வெல குடுத்து வாங்கிட்டு வந்தீங்களா? என் தயிர்ல இல்லாத கிருமியா?"

"அது வேற, இது வேற." என்ன வேற என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். நல்லவேளை, குக்கர் கூப்பிட்டது.

மார்ச் 9, வெள்ளி

மதியம் டூட்டி. பல் டாக்டரிடம் போக வேண்டும், மறுபடி மறந்தேன். காப்ஸ்யூல் தொடங்கியும் ஒரு பலனும் இல்லை. காலையில் பாத்ரூம், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டம். டிபன் பாக்ஸ் முழுசாகத் திரும்பி வந்தது.

அப்படி என்னதான் நடக்கிறது அங்கே என்று கேட்டேன். டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் கேட்டேன். தினமும் காலையில் ஒரு மீட்டிங்காம். எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். இவள் முறை வரும்போது மேலே உள்ளவர் கத்துவாராம்.

"எல்லார் முன்னாடியும் ப்பா. நின்னுக்கிட்டே சொல்லணும். எனக்கு வாய்ஸே வராது."

"நின்னு பேசறதுல என்னம்மா கஷ்டம்? நான் எட்டு மணிநேரம் உக்காந்து பேசறேன். திட்டு வாங்கறேன், திருப்பிக் கத்தறேன். எனக்கு வயிறு வலிச்சு பாத்திருக்கியா?"

"நக்கோ ப்பா, வேணாம். விடுங்க." எழுந்து போய்விட்டாள். கலா என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

நான் தப்பாக என்ன சொன்னேன்? தைரியம்தானே சொன்னேன்.

மார்ச் 14, புதன்

காலையில் கரண்ட் போனது. கொஞ்ச நேரம்தான். வந்துவிட்டது.

பவிக்கு இன்று பாத்ரூம் ஒரே முறை. இட்லி ஒன்று முழுசாக. காப்ஸ்யூலாக இருக்குமோ? கலாவைக் கேட்டேன். கும்பிட்ட சாமி என்றாள். சாமியும் கிருமியும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் யாருக்கு நன்றி சொல்வது.

மார்ச் 16, வெள்ளி

விசேஷம் ஒன்றும் இல்லை. கீசர் ரிப்பேர், ஆள் வரவில்லை.

காலையில் பவி வயிற்றைப் பிடிக்கவே இல்லை. சாயந்திரம் சீக்கிரம் வந்துவிட்டாள். முகம் ஒரு மாதிரி. அழுத முகமா, சிரித்த முகமா, பார்த்தால் தெரியவில்லை. "என்னம்மா?" என்றேன். "ஃப்ரைடே ப்பா" என்றாள். ரசம் சாதம் இரண்டு தடவை போட்டுக்கொண்டு, தட்டைக்கூட எடுக்காமல் போய்ப் படுத்துவிட்டாள்.

மார்ச் 20, செவ்வாய்

வேலை செய்கிறது! மருந்து வேலை செய்கிறது!

நேற்றும் இன்றும் வயிற்று வலி இல்லை. தலையைப் பின்னிக்கொண்டே ஏதோ தெலுங்குப் பாட்டை முனகுகிறாள். டிபன் பாக்ஸ் காலி. நாங்கள் கூப்பிடாமலே வழக்கமான வண்டிக்குக் கிளம்புகிறாள். சாயந்திரம் வரும்போது முகம் வாடவே இல்லை. இதே வேலை, இதே கத்துகிற மனிதர், இதே மீட்டிங். உள்ளே போன கிருமி மட்டும் புதுசு. எத்தனை எத்தனை என் பெண்ணுக்காக உள்ளே உட்கார்ந்து உழைக்கின்றனவோ. கண்ணால் பார்க்க முடிந்தால் அவற்றுக்கும் லட்டு கொடுத்திருப்பேன்.

கண்ட்ரோலில் யாதகிரியிடம் சொன்னேன். பக்கத்து போர்டு அவனுடையது. என் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்குத் தமிழ் வரும், தெலுங்கு வாசனையோடு. மருந்தின் பெயரை அவன் கையிலேயே எழுதிக் கொடுத்தேன். அவன் மனைவிக்கு நெஞ்செரிச்சல்.

"சார், மீரு இப்ப டாக்டர் கூடவா?"

"அனுபவம்யா. என் பொண்ணுதான் சாட்சி."

ஒன்று மட்டும் விளங்கவில்லை. கிருமிக்கு அந்த மனிதர் கத்துவது எப்படிக் கேட்கும்? கேட்காமல் எப்படிப் பதற்றத்தைக் குறைக்கும்? அல்லது கத்துவது கேட்கும் காதையே கொஞ்சம் மந்தமாக்குமா? அடுத்த முறை டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும்.

மார்ச் 23, வெள்ளி. உகாதி

லீவு. யாதகிரி வீட்டிலிருந்து உகாதிப் பச்சடி வந்தது, அவனே கொண்டுவந்தான். அவன் மகனும் இன்ஜினியரிங் முடித்து வீட்டில் இருக்கிறான். பவியின் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். உள்ளே இருப்பவர்கள் சொன்னால் நடக்குமாம்.

"நீ எதுக்குக் கேக்கற? பவி ஒரு வார்த்த சொன்னா போதும். வர்ற ஞாயித்துக்கெழம இல்ல, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம பேப்பரெல்லாம் எடுத்துட்டு வீட்டுக்கு வந்துடு" என்றேன்.

பவி பச்சடிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "ஹவ் அங்கிள், சரி" என்று யாதகிரியிடம் தலையாட்டினாள். இடது கை வயிற்றின் மேல் போயிற்று. மாங்காய் புளிப்பு ஒத்துக்கொள்ளவில்லை போல. கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பச்சடி எனக்கு நன்றாகத்தான் இருந்தது. வேப்பம்பூ கொஞ்சம் தூக்கல்.

மார்ச் 28, புதன்

கரண்ட் கட் இப்போது தினமும் இரண்டு வேளை, அட்டவணை போட்டு. இன்வர்ட்டரில் ஃபேனும் லைட்டும் மட்டும்தான். ஃப்ரிட்ஜ் கிடையாது. ஃப்ரீசர் உருகித் தரையெல்லாம் தண்ணீர். துடைக்கும்போதுதான் ஃப்ரிட்ஜுக்குள் இருந்த காப்ஸ்யூல் பாட்டிலின் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.

பகீரென்றது. பாட்டிலைத் தொட்டால் வெதுவெதுப்பு.

மருந்துக்கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "உயிர் இருக்கற சரக்கு சார். சூடு பட்டா சச்சிப்போதாயி." செத்துப்போயிருக்கலாமாம். செத்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றேன். "தெலீது சார், தெரியாது" என்று அடுத்த ஆளைப் பார்த்தார்.

திரும்பி வரும் வழியில், ரயில்வே குவார்ட்டர்ஸ் மூலையில், ஒரு யோசனை. தயிர்க் கிருமியும் இதுவும் சொந்தக்காரர்கள்தானே? பாலில் போட்டால் தோயத்தானே வேண்டும்? தோய்ந்தால் உயிரோடு இருக்கிறது. தோயாவிட்டால் இல்லை. இவ்வளவு சுலபமான டெஸ்ட், அந்த டாக்டரம்மாவுக்குக்கூடத் தோன்றவில்லை.

இரண்டு டம்ளரில் வெதுவெதுப்பான பால். ஒன்றில் கலாவின் தயிர் ஒரு சொட்டு. இன்னொன்றில் காப்ஸ்யூலைப் பிரித்து அந்த வெள்ளைத் தூளைக் கொட்டிக் கலக்கினேன். பேப்பரில் எழுதி ஒட்டினேன்: "கலா", "டாக்டர்".

கலா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணமாகி இத்தன வருஷத்துல ஒரு நாளு பாலுக்கு உறை ஊத்தினதுண்டா நீங்க? ஊத்த வெக்க கெடச்சுது பாரு ஒரு மருந்து."

பவியும் வந்து பார்த்தாள். இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். "இவ்ளோ எதுக்கு ப்பா?" என்றாள், சின்னக் குரலில்.

"நீ நல்லா இருக்கறதே இதாலதானே."

டம்ளர்கள் மேல் ஆளுக்கொரு தட்டை வைத்து மூடிவிட்டுப் போனாள்.

மார்ச் 29, வியாழன்

காலை எழுந்ததும் முதல் வேலை டம்ளர். "கலா" கட்டித் தயிர், கவிழ்த்தாலும் விழாது. "டாக்டர்" பால். வெறும் பால்.

எல்லாம் செத்துவிட்டன. எப்போது செத்தன? நேற்றா, போன வாரமா? அப்படியானால் பவி இத்தனை நாளாக விழுங்கியது செத்த கிருமியையா? செத்த கிருமிக்கு எப்படி வயிறு சரியாகும்? ஆனால் சரியாகத்தான் இருக்கிறது. இன்று காலைகூடப் பாட்டு.

டூட்டியில் இதே நினைப்பு. ஒரு கூட்ஸ் வண்டியை லூப் லைனில் ஒதுக்கி நிறுத்திவிட்டு மறந்தே போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் கத்தினார். நான் திருப்பிக் கத்தினேன். வழக்கம்தான்.

சாயந்திரம் வந்தால் கலா டம்ளரை நீட்டுகிறாள். "உங்க டாக்டர் இப்பத்தான் கெட்டியாயிருக்கு."

ஆமாம், ஓரத்தில் தண்ணீர் விட்டு, நடுவில் கட்டி. முகர்ந்தேன். "தயிரா இது?"

"தயிருன்னும் சொல்லலாம். வெயில்ல கெட்டுப்போன பாலுன்னும் சொல்லலாம்."

"ரெண்டுல எது?"

"குடிச்சுப் பாத்து சொல்லுங்க."

குடிக்கவில்லை. ஆக, செத்தும் இருக்கலாம், சாகாமலும் இருக்கலாம், சோம்பேறியாகவும் இருக்கலாம். தலை சுற்றுகிறது. நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது ரிஸ்க் எடுக்கக் கூடாது. புது பாட்டில் வாங்கிவிட வேண்டியதுதான். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கும் வழி கிடைத்துவிட்டது. பவியின் ஆபீஸில் இருபத்து நாலு மணிநேரமும் ஏ.சி., ஜெனரேட்டர், சாப்பாட்டு அறையில் ஆளுயர ஃப்ரிட்ஜ். சேர்ந்த புதுசில் அவளே சொன்னாள். அங்கே வைத்து அங்கேயே ஒன்று போட்டுக்கொள்ளட்டும். நாளை எனக்கு ரெஸ்ட். நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அந்தக் கண்ணாடிக் கட்டடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். அவளிடம் சொல்லவில்லை. திடீரென்று போய் நின்றால் சந்தோஷப்படுவாள்.

மார்ச் 30, வெள்ளி

எழுத வரவில்லை. எழுதிவிட வேண்டும்.

ஃப்ளாஸ்கில் ஐஸ், அதற்குள் பிளாஸ்டிக் பையில் புது பாட்டில். இஸ்திரி போட்ட சட்டை. எம்.எம்.டி.எஸ்., ஹைடெக் சிட்டி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கேட்டில் செக்யூரிட்டிப் பையனிடம் பெயர் சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டினான். மறுபடி தட்டினான்.

"நாம் இச் நை ஹை அங்கிள், ஸிஸ்டம் மே."

பெயரே இல்லையாம். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். உள்ளே போன் போட்டுக் கேட்டான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னான், அந்த மேடம் வேலையை விட்டுப் போய் இரண்டு வாரம் ஆகிறது என்று. நான் யாரென்று கேட்டான். தெரிந்தவர் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

இன்று காலையில்கூட வழக்கமான வண்டிக்குப் போனாள். டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம். பின்னே எங்கே போகிறாள்? யாரோடு?

ஹைடெக் சிட்டி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். வண்டிகள் வந்தன, போயின. அடிவயிற்றில் ஏதோ பிசைந்தது. அது என்னவென்று முதலில் எனக்கே தெரியவில்லை. ஸ்டேஷன் பாத்ரூமுக்கு ஓடினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி ஓடினேன்.

சாயந்திரம் சரியான நேரத்துக்கு வந்தாள். பைக்கு வெளியே நீலப் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பட்டை மட்டும். கார்டு இல்லை. தினமும் இப்படித்தான் தொங்கியிருக்கும், நான் பார்க்கவில்லை.

"ஆபீஸ் எப்படிம்மா?"

"பாகுந்தி ப்பா. நல்லா போச்சு."

கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. எனக்கு! ஒரு டிவிஷனே கேட்கும்படி கத்துகிறவன்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனேன். பாத்ரூம் கதவுக்கு வெளியே கலா, "என்னாங்க, வெளிய என்னா தின்னீங்க?"

மார்ச் 31, சனி

ஆபீஸ் லீவு என்று பவி வீட்டில். எல்லா நாளும் லீவுதான் போலிருக்கிறது.

புது பாட்டில் ஃப்ரிட்ஜில். ஒரு காப்ஸ்யூல் எடுத்து நான் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. ஒரு பலனும் இல்லை.

எத்தனையோ யோசனை. பையன் யாராவது? கெட்ட சகவாசம்? துரத்திவிட்டார்களா? அப்படியானால் ஏன் சந்தோஷமாக இருக்கிறாள்? அழுதுகொண்டு போனபோது வேலை இருந்தது. பாடிக்கொண்டு போகும்போது இல்லை. இதில் காப்ஸ்யூலை எங்கே பொருத்துவது?

சந்துக்கு லட்டு கொடுத்தவன். இப்போது என்ன சொல்வேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். அருகில் போய் நின்றேன். "என்னப்பா?" என்றாள். "சோப்பு வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். என் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்க எனக்குப் பயம். அவளுக்கு என்னிடம் ஒரு பதில் சொல்ல எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று துணிக்கொடிக்குக் கீழே நின்றபோது தோன்றியது. பிறகு கோபம் வந்தது. பிறகு இரண்டும்.

நாளை ஞாயிறு. யாதகிரி வருகிறான். பச்சடி கொண்டுவந்த அன்று நான் அவனை வரச் சொன்ன நாள்.

ஏப்ரல் 1, ஞாயிறு

பத்து மணிக்கு யாதகிரி. கையில் ஃபைல், மகனுடைய மார்க் ஷீட் எல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு. எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். கலா காபி போட்டாள். பவியைக் கூப்பிட்டேன். கூப்பிடாமல் இருந்திருக்கலாம். பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டேன்.

"பவிம்மா, உங்க ஹெச்.ஆர். கிட்ட ஒரு மாட்ட, ஒரு வார்த்த சொன்னா சாலு. நம்ம பையன் உன் பக்கத்துல இருந்தா எனக்கு நிம்மதி. எப்ப சொல்றே? ரேப்பு? நாளைக்கு?"

அவள் முகத்தில் ரத்தம் இறங்கியதைப் பார்த்தேன். கை வயிற்றுக்குப் போயிற்று. உகாதி அன்று போனதே, அதே கை. வாய் திறந்தது, சத்தம் இல்லை. அந்த மீட்டிங் வட்டத்தில் இப்படித்தான் நின்றிருப்பாள். இங்கே கத்துகிறவன் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாரும் இல்லை.

"அவ அந்த வேலைய விட்டுட்டாய்யா" என்றேன்.

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். கலா காபி டவராவைக் கீழே வைத்தாள். யாதகிரி என்னையும் அவளையும் பார்த்தான். பிறகு பெரிதாகச் சிரித்தான்.

"ஏப்ரல் ஃபூலா சார்! நான் மோசபோக மாட்டேன்!"

"ஃபூல் இல்ல. நெசம். ரெண்டு வாரமாச்சு. உடம்பு முக்கியம்னு விட்டுட்டா. வீட்ல எல்லாருக்கும் தெரியும். உங்கிட்ட சொல்லாதது என் தப்பு."

வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பது பொய். ஆனால் அந்த நிமிஷத்தில் உண்மையாகிவிட்டது, எல்லோரும் அங்கேதானே இருந்தார்கள். யாதகிரி கொஞ்ச நேரம் ஃபைலைத் தட்டிக்கொண்டிருந்தான். "பரவாலேது அம்மா. ஆரோக்கியம் முக்கியம்" என்று காபியைக் குடித்துவிட்டுப் போனான். முகம் சரியில்லை. போகும்போது வாழைப்பழத்தைப் பவியின் கையில் கொடுத்தான்.

கதவைச் சாத்தினேன். பிறகு பவி: "உங்களுக்கு எப்ப ப்பா தெரியும்?"

"வெள்ளிக்கெழம. ஆபீஸ்க்கு வந்தேன். மருந்து குடுக்க."

"ரெண்டு நாளா ஏன் கேக்கல?"

"வயிறு சரியில்ல."

சிரித்தாள். சிரிப்பிலேயே அழுதாள். கலாவும் சேர்ந்துகொண்டாள். நான் வாழைப்பழத்தை உரித்தேன். வேறு என்ன செய்ய.

பிறகு எல்லாம் வந்தது. தினமும் ஹைடெக் சிட்டியில் இறங்காமல் இரண்டு ஸ்டேஷன் தள்ளி சந்தாநகரில் இறங்குவாளாம். கூடப் படித்த ஸ்வாதி அங்கே அறை எடுத்திருக்கிறாள். அவள் வேலைக்குப் போனதும் அந்த அறையில் இவள்.

"அங்க என்னம்மா பண்ணுவே?"

"தூங்குவேன் ப்பா. எழுந்து அம்மா டிபன் சாப்பிடுவேன். மறுபடி தூங்குவேன். அவ்ளோதான்."

இதற்குத்தான் நான் பையன், சகவாசம் என்றெல்லாம் போய்விட்டேன்.

கலா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "எனக்கு லேசா சந்தேகம்தான். டப்பா காலியா வருதேங்கற சந்தோஷத்துல கேக்கல."

எங்களிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். "வேலைக்கு போறத நெனச்சா வலிக்கும். அது போச்சு. உங்ககிட்ட சொல்றத நெனச்சா வலிக்கும். அது மட்டும் போகல. அதான் சொல்லல." என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். எனக்கு வலித்தது. எங்கே என்று டாக்டர் கேட்டால் காட்டத் தெரியாது.

அப்புறம் அவள் சொன்னதுதான் என்னை இப்போது போட்டுக் குழப்புகிறது. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"அன்னைக்கு ஃப்ரைடே காலைல எழுந்தேன் ப்பா. வயிறு சும்மா இருந்துச்சு. ஒண்ணுமே பண்ணல. மீட்டிங்ல நின்னேன், கை நடுங்கல. அவர் கத்தினார். பக்கத்து வீட்டு டீ.வி. மாதிரி கேட்டுட்டே இருந்தேன். இத ஏன் நான் தினமும் கேக்கணும்னு தோணுச்சு. முடிஞ்சதும் மேல போயி பேப்பர் குடுத்துட்டேன். ப்ரொபேஷன்ல இருந்ததால அன்னைக்கே விட்டுட்டாங்க. வயிறு வலிச்சிருந்தா எங்க குடுக்கறது? பாத்ரூம்லதான் இருந்திருப்பேன்."

வேலையில் நிலைத்து நிற்கட்டும் என்று நான் வாங்கிக் கொடுத்த காப்ஸ்யூல். அதைப் போட்டுக்கொண்டு, அமைதியாகப் போய், வேலையை விட்டிருக்கிறாள்.

"அப்ப மருந்து வேலை செஞ்சுச்சா?"

"தெரியல ப்பா. இருக்கலாம். முந்தின நாள் ஸ்வாதிகிட்ட போன்ல ரொம்ப நேரம் அழுதேன். அதாவும் இருக்கலாம்."

மத்தியானம் முழுக்க இதே கணக்கு. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கரண்ட் போனது கொஞ்ச நேரம்தான், அப்போது கிருமி உயிரோடு இருந்திருக்கும். அப்படியானால் தைரியம் அதனுடையது. பின்னால் கட் அதிகமாகி அது செத்திருந்தால், அடுத்த இரண்டு வாரச் சிரிப்பு தூக்கத்தினுடையது. ஆனால் அந்த டம்ளர் சாயந்திரம் கெட்டியானதே? ஒருவேளை சாகவே இல்லையோ? ஒரு வண்டி ஏன் லேட் என்று கேட்டால் எந்த ஸ்டேஷனில் எவ்வளவு என்று சார்ட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். என் பெண்ணின் வயிறு எந்த இடத்தில் சரியானது என்று சொல்ல முடியவில்லை.

"சந்துல எல்லாருக்கும் லட்டு குடுத்தோமே" என்று கலாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"திருப்பியா கேக்கப் போறாங்க?" என்றாள்.

ஏப்ரல் 2, திங்கள்

காலை டூட்டி. வெயில் பயங்கரம். யாதகிரி நேற்றைப் பற்றிப் பேசவில்லை. போர்டில் வண்டி போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று, "அந்த மருந்து, என் மிஸஸ்க்கு நல்லா கேக்குது சார்" என்றான். அவன் வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் கரண்ட் இல்லை. அடுத்த வண்டிக்கு வழி விட்டேன்.

பல் டாக்டர், மறுபடி மறந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பவி பகலில் வீட்டில். வேலை நாளில், இந்தப் பகல் வெளிச்சத்தில் அவளைப் பார்த்து ரொம்ப நாள். தட்டில் என் மதியச் சாப்பாட்டை அவளே போட்டாள். பக்கத்தில் தண்ணீர், அதன் பக்கத்தில் ஒரு காப்ஸ்யூல்.

"இது எதுக்கு?"

"மூணு நாளா உங்களுக்குத்தானே பாத்ரூம்."

போட்டுக்கொண்டேன். செத்ததோ, இருப்பதோ.

கொஞ்ச நேரம் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே நான் என்ன ப்பா பண்றது?"

வழக்கமாக இதற்கு என்னிடம் பதில் இருக்கும். பாங்க் பரீட்சை, ரயில்வே பரீட்சை, எம்.பி.ஏ., கல்யாணம். வரிசையாக நாக்கு நுனியில் நிற்கும். இன்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"தெரியலம்மா" என்றேன்.

"என்னது?"

"தெரியல. எனக்குத் தெரியல."

கரண்டியோடு அப்படியே நின்றாள். இந்த வார்த்தையை நான் சொல்லி அவள் கேட்டதே இல்லையாம். பிறகு எதிரில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு, மோர் சாதம் பிசைந்தாள். நிறையவே பிசைந்தாள்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவிடம் போக வேண்டும். மருந்து கேட்டதா என்று கேட்பார். என்ன சொல்வது? கேட்டது என்றால் வேலை எங்கே என்பார். கேட்கவில்லை என்றால் பெண் ஏன் சிரிக்கிறாள் என்பார். பாட்டிலில் பாதிக்கு மேல் இருக்கிறது. இனி யார் போட்டுக்கொள்வது என்று

கரண்ட் போய்விட்டது. பாட்டில் ஃப்ரிட்ஜில்.